குறைந்துபோன ஒரு பைட்: வன்னியில் பூட் பென் செய்தல் பற்றிய ஓர் ஆய்வு

விண்டோஸ் படுத்துவிட்ட கொம்பியூட்டரை எழுப்ப ஒரு யூஎஸ்பி பென் வேண்டும். வெறும் பென்னை எழுப்புகிற பென்னாக மாற்ற ஒரு மென்பொருள் வேண்டும். அது எந்த மென்பொருள் என்ற வினாவுக்குக் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடைப் பொடியள் நின்ற நிலையிலேயே விடை சொல்லிவிடுகிறார்கள். ஆகவே அறிஞர் உலகம் இதைத் தொடவில்லை. விடை தெரிந்த வினாவை விடை தெரியாததாக்குவதே ஆய்வு என்பதால், இக்கட்டுரை அப்பணியை மேற்கொள்கிறது.

ஆய்வெல்லை வடக்கே ஆனையிறவு, தெற்கே ஓமந்தை, கிழக்கே முல்லைத்தீவுக் கடல். வவுனியா 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம் பெற்றுவிட்டதால் தன்னைத் தானே ஆய்ந்துகொள்ளும். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் விடை தெரிந்திருக்கும் என்ற அச்சத்தால் களஆய்வு தவிர்க்கப்பட்டது.

இனி வகைப்பாடு. டிடி என்பது 1970களின் யூனிக்ஸ் கட்டளை. எழுதுமிடத்தையும் வாசிக்குமிடத்தையும் மாற்றிக் கொடுத்தவர்கள் பேட்டிதர மறுத்தனர். 2007இல் வந்த யூநெட்பூட்டின், ஒருகாலம் உபுண்டு போட்டுப் பார்த்த அண்ணைமாரின் நினைவில் வாழ்கிறது. பலீனா எச்சர் பார்வைக்கு வடிவானது. ஆனால் தானே நூறு எம்பிக்கு மேல் வரும். விண்டோஸ் ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் இது சரிவராது என்று தானே எச்சரிக்கும். நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் டேட்டாவுக்காக விழித்திருந்து ஐந்து ஜிபி விண்டோஸ் இறக்கியவனுக்கு அந்நேரம் இப்படி அறிவுரை சொல்வது முறையல்ல (சான்று: கடைச் சுவர், விலைப்பட்டியலுக்குக் கீழே).

ரூஃபஸை 2011 கடைசியில் பீட் பட்டார் என்பவர் வெளியிட்டார். எச்பியின் பழைய யூஎஸ்பி போர்மட் கருவிக்கு மாற்றாகத் தொடங்கியது. இன்றும் இரண்டு எம்பி அளவுதான். இதன் பெருமை விளங்கவேண்டுமானால் பாரிஸிலிருந்து மாமா அனுப்பிய லப்டொப்பை முன்னே வைக்கவேண்டும். கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும். பயோஸ் பிரெஞ்சில் பேசும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இராது, ஆதலால் விண்டோஸ் 11 உள்ளே வராது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. ரூஃபஸில் ஒரு சின்னப் பெட்டியில் சரி போட்டுவிட்டால் டிபிஎம் எங்கே என்று விண்டோஸ் பிறகு கேளாது. மாமாவின் மானமும் தப்பும் (சான்று: மேற்படி சுவர், சுண்ணாம்பு பூசியபின் வாசிக்க இயலாதது, முன்னரும் அப்படியே).

இப்போது மையப் பிரச்சினைக்கு வருவோம். பழைய பென்கள் ஃபாட்32 முறையில் அமைந்தவை. அதில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்டலாகாது. விண்டோஸின் பெரிய நிறுவல் கோப்பு பலவேளை இதைத் தாண்டிவிடுகிறது. சரியாக நான்கு ஜிபி என்றால் 4,294,967,296 வரவேண்டும். அந்த ஒரு பைட் எங்கே?

கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் இடமே உண்டு, எண்ணல் பூச்சியத்தில் தொடங்குகிறது, எனவே உச்சம் ஒன்று குறையும் என்பது சாதாரண விளக்கம். சாதாரண விளக்கத்தில் நின்றுவிட்டால் பதவி உயர்வு கிடையாது. ஏடு பெயர்த்தோர் கைப்பிழையால் விழுந்தது என்பர் ஒரு சாரார். இல்லை, மூலத்திலேயே இருந்தது, பிற்காலத்தார் வேண்டுமென்றே நீக்கினர் என்பர் இன்னொரு சாரார். யார் நீக்கினார் என்பது அவரவர் சாதியையும் கட்சியையும் பொறுத்து மாறும். கடல்கொண்டது என்பாரும் உளர். இதுவே வலுவான கட்சி, ஏனெனில் கடலில் போனதற்கு எவரும் ஆதாரம் கேட்பதில்லை (சான்று: கடை மேசையின் இடப்பக்க லாச்சி, மேலிருந்து இரண்டாவது பற்றுச்சீட்டின் பின்புறம், பேனாவால் எழுதி வெட்டிய பகுதி, வெட்டுவதற்கு முந்திய பாடமே கொள்ளத்தக்கது என்று வெட்டியவரே கருதுகிறார், மறுப்புக்குப் பார்க்க, அதே லாச்சி, பூட்டியபின்). இதைத் தீர்க்கச் சர்வதேச மாநாடொன்று கூட்டப்படவேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் சூமில் வந்து “சத்தம் கேக்குதோ?” என்று கேட்டுவிட்டுப் போனால் சர்வதேசம் ஆயிற்று.

ரூஃபஸ் இந்தச் சர்ச்சையை மதிக்கவில்லை. பென்னை என்டிஎஃப்எஸ் ஆக்கி, பயோஸின் வாரிசான யூஇஎஃப்ஐ படிக்கத்தக்க சிறு துண்டொன்றை ஓரமாக வைத்துவிட்டுத் தன்பாட்டில் போகிறது. 2020இல் வந்த வென்டோய் அதைவிட மோசம். அதை ஒருமுறை பென்னில் போட்டால் போதும். பிறகு ஐஎஸ்ஓக்களைப் பாட்டுக் கோப்புப்போல் கொப்பி பண்ணலாம். பூட் செய்யும்போது பட்டியல் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் 10, 11, உபுண்டு எல்லாம் ஒரே பென்னில் குடியிருக்கும். தெரிவே தேவையில்லாமற் போனால் தெரிவு பற்றிய ஆய்வுத்துறை என்னாவது? இக்காரணத்தால் வென்டோய் இக்கட்டுரையில் பரிந்துரைக்கப்படவில்லை. கட்டுரையாளரின் திறப்புக்கோர்வையில் தொங்குவது வென்டோய்தான் என்பது ஆய்வுக்குப் புறம்பான செய்தி.

கடைக்கு வரும் அக்கா ஒருவரும் எம்பிஆரோ ஜிபிடியோ என்று கேட்பதில்லை. “தம்பி, மகளின்ர சாமத்தியவீட்டுப் படங்கள் அழியாதுதானே?” என்றே கேட்கிறார்கள். இவ்வினா எமது கோட்பாட்டுச் சட்டகத்துக்குள் அடங்காததால் தரவிலிருந்து நீக்கப்பட்டது.

மேலதிக ஆய்வுக்கு 64 ஜிபி பென் இரண்டு கோரப்படுகிறது. ஒன்று ஃபாட்32 பரிசோதனைக்கு. மற்றது மேற்பார்வையாளரின் காரில் பாட்டுக் கேட்க.