மாநிலத் தொப்பியும் மாநிலப் பறவையும்

பிளேனோ, டெக்ஸஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

போட்டோவில் என் தலைமேல் இருப்பது என்ன என்று கேட்டிருந்தாய். ஜெய்சங்கர் படம் மாதிரி இருக்கிறது என்று அப்பா சிரித்ததாக அக்காவும் போனில் சொன்னாள். சிரிக்கட்டும். அது வேஷமில்லை, தற்காப்பு.

வாசல் ஓக் மரத்தில் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. மாக்கிங்பேர்டு என்று பேர். கிட்டத்தட்ட மைனா அளவு, சாம்பல் நிறம், பார்த்தால் சாது. குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு நான் மரத்தடிக்குப் போனால் போதும், பின்னாலிருந்து பாய்ந்து நடுமண்டையில் கொத்திவிட்டுப் போகிறது. அங்கே முடி இல்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது அதற்கும் தெரிந்துவிட்டது. அதே மரத்தடியில் பக்கத்து வீட்டுக்காரர் போகிறார், ஒன்றும் செய்வதில்லை. என்மேல் மட்டும் என்ன பகை என்று தேடிப் படித்தேன். 2009-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் சோதித்திருக்கிறார்கள். கூட்டைத் தொட்ட ஆளை இது அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த நாள்களில் அவர் தலையைக் கண்டதுமே சண்டைக்கு வருகிறதாம். புது ஆள் வந்தால் கண்டுகொள்வதில்லையாம். முதல் நாள் ஏணி போட்டு எட்டிப் பார்த்தேனே, அதுதான் வினை.

கலைத்துவிடலாம் என்று துடைப்பத்தோடு கிளம்பினேன். உன் பேத்தி குறுக்கே நின்றுவிட்டாள். "அப்பா, அது ஸ்டேட் பேர்டு!" நாலாம் வகுப்பில் அவளுக்கு டெக்ஸஸ் வரலாறுதான் பாடம். காலையில் அமெரிக்கக் கொடிக்கு ஒரு உறுதிமொழி, டெக்ஸஸ் கொடிக்குத் தனியாக இன்னொன்று. 1927-ல் இந்தக் குருவியை மாநிலப் பறவை ஆக்கியபோது தீர்மானத்திலேயே காரணம் எழுதியிருக்கிறார்கள்: தன் வீட்டைக் காக்கச் சண்டை போடும், வேண்டிவந்தால் உயிரையும் விடும், அசல் டெக்ஸஸ்காரனைப் போல. ஆக, என்னைக் கொத்துவதுதான் அதன் தகுதியே! போதாக்குறைக்கு, முட்டையோடு கூட்டைக் கலைத்தால் 1918-ஆம் வருஷத்து மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

குடை பிடித்துப் பார்த்தேன். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் குடையோடு குப்பை போடுகிறவனைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அப்புறம்தான் அவள் நோட்டில் கண்ணில் பட்டது: மாநிலத் தொப்பி, கௌபாய் தொப்பி, 2015. மாநிலப் பறவையை மாநிலத் தொப்பியால் தடுத்தால் எவன் கேட்பான்? வாங்கிவிட்டேன். விலையைக் கேட்காதே.

அந்த நோட்டை நீ பார்க்க வேண்டும். இங்கே எதற்கும் பட்டம் உண்டு. காலுக்கு கௌபாய் பூட்ஸ். பறக்கும் பாலூட்டி என்று ஒரு வௌவால். 2005-ல் சமையல் பாத்திரத்துக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்: மூடி போட்ட கனத்த இரும்புச் சட்டி. நீ பரணில் தூக்கிப் போட்டாயே, அதன் சொந்தக்காரன். அப்பா வேலியோரம் வெட்டி எறிகிற சப்பாத்திக்கள்ளி, 1995 முதல் இங்கே மாநிலச் செடி! மிளகாய்க்கு ஒரு பட்டம் போதவில்லை. 1995-ல் ஹாலபீனோ, அது வெளியூர்க்காரன் என்று யாருக்குக் குறையோ, 1997-ல் நாட்டு மிளகாய் என்று சில்டெபின். உருண்டையாக, பொடியாக, நம்ம காந்தாரிக்குத் தங்கச்சி. மாநில உணவு சில்லி. மிளகாய்தானே என்று ஆபீஸில் வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டேன். மாட்டுக்கறிக் குழம்பு. மீதியை உனக்கு எழுதவில்லை.

நேற்று ராத்திரி, "உங்க ஊர் ஸ்டேட் பேர்டு என்னப்பா?" என்றாள். மயில் என்றேன், மார்தட்டி. அவள் தேடிப் பார்த்து, மயில் இந்தியாவுக்கு, தமிழ்நாட்டுக்கு மரகதப்புறா என்றாள். மரம் பனை என்பதை மட்டும் சரியாகச் சொன்னேன். அந்தத் தைரியத்தில் நொங்கை விளக்கப் போனேன். "ஜெல்லியா?" என்றாள். கட்டைவிரலை விட்டு நோண்டி உறிஞ்சுவதை எந்த பாஷையில் சொல்ல? விட்டுவிட்டேன்.

26 வயசு வரைக்கும் அங்கேதான் கிடந்தேன், மரகதப்புறாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நம்ம முருங்கையில் வந்து உட்கார்ந்ததெல்லாம் காக்காவும் தவிட்டுக்குருவியும்தானே. அப்பா கீரிப்பாறைப் பக்கம் போனால் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல். கண்ணில் பட்டால் அவரே போனில் பேத்தியிடம் சொல்லட்டும். நான் சொன்னால் இனிமேல் நம்பமாட்டாள்.

உன் மகன்