கண்ணாடி போட்டுக் கலர் பார்ப்போர் இயல்

சூத்திரம்:
தாய்வழி பெற்றோன், தாளில் தோற்றோன்,
கண்ணாடி மாட்டி மீண்டும் வந்தோன்,
தெரிந்தும் தெரியா தென்றோன் எனவே
நால்வகைப் படுவர் நிறந்தேர் மாந்தர்.

உரை: நிறப்பார்வைச் சோதனைக்கு வருவோரை வகுத்தல் நுதலிற்று.

தாய்வழி பெற்றோன் என்பான் சிவப்பு-பச்சை மயக்கத்தை அம்மாவைப் பெற்ற தாத்தாவிடமிருந்து பத்திரப்பதிவு இல்லாமலே அடைந்தவன். எக்ஸ் குரோமோசோமில் வருவதால் இடையில் நின்ற அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பாட்டிவழி வந்திருந்தால் தாய்மாமனுக்கும் இருக்கலாம்; சீர்வரிசைக் கணக்கில் அது ஏறுவதில்லை.

அரியலூர் மாவட்டக் கீழப்பழுவூரில் இவனை அறியச் சோதனைப் புத்தகம் வேண்டா. ஊர்க்கோயில் ஆலந்துறை, தலமரம் ஆல். காய்த்த ஆலமரத்தடியில் நிறுத்தி, "பழம் எங்கே?" என்றால் போதும். மற்றவர் கண்ணில் பச்சை இலை நடுவே செக்கச்செவேல் என்று குதிப்பதை இவன் உருண்டை வடிவம் பார்த்துக் கிளை கிளையாகத் தேடுவான். குரங்கினத்துக்குக் கண்ணில் நிறமறியும் மூன்று வகைக் கூம்புசெல்கள் வாய்த்ததே பழம் தேடத்தான் என்பாரும் உளர்.

தாளில் தோற்றோன் இஷிஹாராவால் பிடிபட்டவன். அந்த ஜப்பானியர் 1917இல் வெளியிட்ட அட்டைகளில் புள்ளிகளின் வெளிச்சம் வேண்டுமென்றே கூடியும் குறைந்தும் இருக்கும், நிறம் தவிர வேறு துப்புக் கிடைக்கக் கூடாதென்று. 38 அட்டைப் பதிப்பில் முதல் அட்டையின் 12 நிறம் மயங்குவோர்க்கும் தெரியும். அதையும் தெரியவில்லை என்பவன் நான்காம் வகை. அவனுக்கு வேண்டியது வைத்தியம் அன்று, லீவு.

இனி மூன்றாமவன். இவனே இவ்வியலின் நாயகன். ஒரு வகைக் கூம்பு இல்லாதவன், மூன்றும் இருந்து இரண்டின் வரம்பு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தவன் என இவன் இருபாற்படுவான். என்குரோமா போன்ற கண்ணாடிகள் அந்த இரண்டும் மோதிக்கொள்ளும் ஒளிப்பட்டையை வெட்டிவிடுகின்றன. பின்னவனுக்கு வேறுபாடு சற்றுக் கூடலாம், முன்னவனுக்கு இல்லாத கூம்பு முளைக்காது. 2018இல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தார் சோதித்து, இயல்பான நிறப்பார்வை இதனால் வராது என்றனர். 1971இல் வந்த எக்ஸ்-குரோம் ஒரு கண்ணுக்கு மட்டுமான சிவப்பு கான்டாக்ட் லென்ஸ். சிவப்புக் கண்ணாடி வழியே சிவப்புப் புள்ளி வெளிறும், பச்சைப் புள்ளி கறுக்கும். இஷிஹாரா மறைத்துவைத்த துப்பு வெளியே வந்துவிடும். படித்தது கண்ணாடி, கையெழுத்துப் போட்டது ஆள். "அதக் கழட்டிட்டுப் படிங்க தம்பி" என்று டாக்டர் சொல்வது இதனால்தான்.

அற்றேல், கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டால் மட்டும் ஒப்புவது என்னை எனின், அது எல்லா நிறத்தையும் விழித்திரையில் கூராக விழச்செய்யும். இது சிலவற்றை வாசலிலேயே நிறுத்தும். இருட்டில் மேலும் இருட்டும்.

கழட்டியபின் தோற்றவனை என்செய்வது? 2020இல் திருத்திய மோட்டார் வாகன விதிப்படி லேசான, நடுத்தரக் குறைக்கு லைசென்ஸ் உண்டு. தமிழக மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு, தகுந்த பணி கொடுங்கள் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புள்ளிப் புத்தகம் படிப்பதா வேலை என்று கேட்பதே சரி என்பது உரைகாரன் துணிபு.

புறனடை: நிறத்தை விட்டு இடத்தைப் பார்ப்போரும் உளர். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்பது சிமென்ட் லாரிக்குச் செல்லும். அரியலூர் வழி ரயிலுக்குச் செல்லாது. மூன்று விளக்குச் சிக்னலில் அங்கே சிவப்புதான் கீழே.