பெற்றோரும் கலந்துகொள்ளலாம்

எழும்பூர் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குள் பொங்கியது கலை ஆர்வம் என்று நீங்கள் நினைத்தால், மே மாதத்தில் உங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை கிடையாது என்று அர்த்தம். படம் வரைவது, களிமண்ணில் உருவம் செய்வது, சிலைகளைச் சுற்றிப் பார்ப்பது என்று காலைப்பொழுது முழுக்க அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கலாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். என் மனைவி என்னைவிடக் கணக்கில் கெட்டி. "பல்லாவரத்துலேர்ந்து எழும்பூருக்குக் குழந்தை தனியாவா போகும்? நீங்களே கூட்டிட்டுப் போய், கூடவே இருந்து கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். காலை நீட்டும் யோசனை என்னுடையது. நீட்டியது அவள்.

பெயர் கொடுக்கப் போன நாள் வெள்ளிக்கிழமை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை என்றால் இந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. பாந்தியன் சாலையில் ஓடுகிற ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். என்னைக் கொண்டுபோய் இறக்கியவரும் சொன்னார், காசை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு.

என் பாட்டி இந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்பாள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. பழைய மெட்ராஸ்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். 1851இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர், செத்ததை மட்டும் வைத்தால் போதாது என்று உயிருள்ள மிருகங்களையும் கொண்டுவந்து வைத்தார். அவை பிறகு வேறிடம் போய்விட்டன. முகாமுக்கு ரயிலில் வரும்போது அறிவை வளர்ப்பதாக நினைத்து இதை மகளிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். "அப்போ இப்ப ஏன்பா புலி இல்லை?" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். முகாம் நடக்கும் கூடத்துக்கு வெளியே அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், தண்ணீர் பாட்டிலும் ஸ்நாக்ஸ் டப்பாவும் மடியில். அருங்காட்சியகம் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் ஒன்று நின்று எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. பால்ஃபர் விட்டுப்போன இடம் காலியாக இல்லை.

"பெற்றோரும் கலந்துகொள்ளலாம் சார், வெயில்ல ஏன் உட்கார்ந்திருக்கீங்க" என்றார் ஆசிரியர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் எனக்கு எப்போதும் ஆபத்து.

வெண்கலக் கூடத்துக்குள் நுழைந்தோம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் எல்லாரையும் நிறுத்தினார். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. ஒரு பக்கத் தோள் அகன்று நேராக இறங்குகிறது, மறு பக்கம் இடை ஒடுங்கி இடுப்பு வளைந்து போகிறது. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனால் எனக்கு முடிந்தது. "அம்மன் எந்தப் பக்கம்?" என்று அவர் பிள்ளைகளைக் கேட்டதுதான் தாமதம், நான் முந்திக்கொண்டேன். "இடப்பாகம்! உமைக்கு எப்பவும் இடப்பாகம்தான்" என்று, இடது கையை ஆட்டி, நேராகச் சிவனைக் காட்டினேன். அமைதி. பல் விழுந்த பையன் ஒருவன் என் சட்டையை இழுத்து, "அங்கிள், சாமி நம்மளப் பார்த்து நிக்கறாரு. அவரோட இடது நமக்கு வலது" என்றான். மகள் கூட்டத்தில் இரண்டடி நகர்ந்து, வேறு யாருடைய மகள் போலவோ நின்றுகொண்டாள்.

ஆசிரியர் பேச்சை மாற்றுவதற்காகக் கைகளை எண்ணச் சொன்னார். சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை. இதை வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே, இன்னொரு கையில் போனை வைத்தபடி, தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "எங்களுக்கு ஒண்ணு போதும்னு அந்தச் சிற்பிக்குத் தெரிஞ்சிருக்கு."

அடுத்து மர நிழலில் மெழுகு வார்ப்பு பற்றிப் பாடம். உருவத்தை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசிக் காயவைத்து, சூடு காட்டுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி, ஆறியதும் மண் அச்சை உடைத்துவிட வேண்டும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான், இரண்டாவது கிடையாது. இதைக் கேட்டபோது எனக்கே மெய்சிலிர்த்தது. ஆனால் மெழுகு எப்படி சார் ஓடும் என்று ஒரு சிறுமி கேட்டபோது ஆசிரியர் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். கத்திரி வெயில். சட்டை முதுகோடு ஒட்ட, வியர்வை காதோரமாக வழிந்து, மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. நாகரிகமானவர், ஒன்றும் சொல்லவில்லை. சிறுமிக்குப் புரிந்துவிட்டது.

களிமண் வகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எனக்குக் குரங்கு வந்திருந்தால் அதை ஷோகேஸில் வைத்திருப்பேன். தும்பிக்கை நிற்கவில்லை. தொந்தி மட்டும் நான் தொடாமலே வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பொடியன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்குக்குக் கண் வைக்கணுமா அங்கிள்?" என்றான், உதவி செய்யும் எண்ணத்தில்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டைக் கவிழ்த்தது ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்த வெள்ளைக்காரர் 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அது கற்கால மனிதன் செதுக்கிய கருவி. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அங்கிருந்து கிளம்பியது. அவர் சேர்த்து வைத்ததையெல்லாம் 1904இல் இந்த அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. முகாமில் இதைக் கேட்டதும் மகள் துள்ளிக் குதித்தாள். "அப்பா, நம்ம ஊரு!" நம்ம ஊர்தான். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் குடியிருக்கிறேன். மே மாதப் பல்லாவரத்தில் வெளியே வந்து குனிகிற ஆளை நான் பார்த்ததில்லை. நான் குனிந்தது செருப்பு வார் அறுந்தபோது மட்டும்.

இப்போது அவள் குனிகிறாள். எங்கள் தெருவில் புது வீடு கட்டக் கொட்டியிருக்கும் ஜல்லியில் பாதி என் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. என் சட்டைகள் வெளியேற்றப்பட்டு, சாப்பாட்டு மேஜை நாற்காலிகளின் முதுகில் குடியேறியிருக்கின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள், கிடைத்த இடம், கிடைத்த தேதி, என்ன வேலைக்கு உதவும் என்று. முகாமில் சொல்லிக்கொடுத்த முறையாம். கடைசியில், சற்றுத் தள்ளி, என் பிள்ளையாரும் இருக்கிறார். அவருக்கும் சீட்டு உண்டு: 'பழைய கற்காலம். பயன் தெரியவில்லை.'

உங்களில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால், முக்கால் இஞ்சு ஜல்லி தேவைப்பட்டால், பல்லாவரம் பக்கம் வாருங்கள். காசு வேண்டாம். கோணிப்பை மட்டும் கொண்டுவாருங்கள். மகள் பாட்டு வகுப்புக்குப் போகும் நேரமாகப் பார்த்து வந்தால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.