நாயை ‘உட்காரு’ எனல்: ராமேஸ்வரம் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டு நாயை உட்கார வைப்பது எளிய காரியம் என்று எண்ணுவோர் உளர். அவர்கள் முனைவர் பட்டம் பெறாதவர்கள். இவ்வாய்வின் எல்லை மேற்கே மண்டபம், கிழக்கே அரிச்சல்முனை. அதற்கப்பால் உள்ள இலங்கை நாய்களைச் சேர்த்துக்கொள்ள நிதி வரவில்லை.

நாயைப் பற்றி எழுதுமுன், நாயைப் பற்றி எழுதியவர்களைப் பற்றி எழுதுவது மரபு. ரஷ்யாவின் பாவ்லவ் நாயின் எச்சிலை அளந்து பேர் வாங்கினார். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ செரிமான ஆராய்ச்சிக்கு. 1910இல் ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் நாய்ப் பயிற்சிக்கென்றே தனி நூல் எழுதினார். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொருள்களின் பெயரைக் கற்றுக்கொண்டது. நெறியாளர்கள் சிலருக்குத் தம் மாணவர் எட்டுப் பேரின் பெயரே தடுமாறுவதை இங்கே ஒப்பிட வேண்டியதில்லை.

பாடங்கள் பல. ‘வா’: சோற்றுச் சட்டி சத்தம் கேட்டாலே வரும், ஆய்வு தேவையில்லை. ‘போ’: எந்த நாயும் கற்றதாகத் தரவு இல்லை. ‘ஷேக் ஹேண்ட்’: விருந்தாளிகளின் பொருட்டு ஏற்பட்டது.

‘உட்காரு’தான் தலைமைப் பாடம். முள் எடுத்து, உப்பில்லாமல் அவித்த மீன் துண்டை விரலிடுக்கில் பிடித்து, நாயின் மூக்குக்கு நேர் மேலே காட்டி, மெல்லத் தலைக்குப் பின்பக்கம் நகர்த்த வேண்டும். மூக்கு அண்ணாந்து போகப் போகப் பின்புறம் தானாகத் தரையைத் தொடும். தொட்ட நொடியில் ‘உட்காரு’, மறுநொடியில் மீன். கையை ரொம்ப உயர்த்தினால் நாய் தாவும், விரலும் சேர்ந்து போகும். கருவாடு கூடாது, அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது. பாடம் ஐந்து நிமிடத்தைத் தாண்டலாகாது. கருத்தரங்குகளுக்கும் இவ்விதி பொருந்தும், ஆனால் அங்கே மீன் தருவதில்லை.

சொல் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா ‘உட்காரு’ என்கிறார், மகன் ‘சிட்’ என்கிறான், அப்பத்தா ‘உக்காந்து தொலையேன்டா’ என்கிறார். நாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருக்கிறது. இது கீழ்ப்படியாமை அன்று, பாடபேதம்.

இனி, கால ஆராய்ச்சி. வயிறு நிறைந்த நாய்க்கு மீன் கூலியாகாது என்பதைப் பயிற்சியாளர் அனைவரும் ஒப்புவர். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புகின்றன. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கும் நாய்க்குப் பாடம் சொல்வது வீண் என்பது ‘வலைக்குவியல்’ பள்ளியாரின் துணிபு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலமே மாணவர் சேர்க்கைக்கு உகந்த பருவம் என்றும் அவர்கள் உரைப்பர். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் மீன் கொண்டுவருகின்றன. இந்த உண்மை கோட்பாட்டுக்கு இடைஞ்சலாக இருப்பதால் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டது. அடிக்குறிப்பு பின்னர் நீக்கப்பட்டது.

இதை மறுக்கும் ‘ஐஸ் கம்பெனி’ப் பள்ளியார் காட்டும் சான்று வலுவானது. ஐஸ் கம்பெனிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி, மழையில் பாதி அழிந்து, மீதியை ஆடு உரசித் தேய்த்துவிட்ட ஒரு வரி அது. எஞ்சியவை மூன்று கோடும் ஒரு சுழியும். மூன்று முறை அழை, பிறகு சும்மா இரு என்னும் நாய்ப்பயிற்சிச் சூத்திரம் இது என்றார் ஓர் உரைகாரர்; சுழி என்பது சுருண்ட வாலின் குறியீடு என்று நாற்பது பக்கம் எழுதினார். ஐஸ் பாக்கிக் கணக்கு என்றார் இன்னொருவர். முன்னவர் முனைவராகிவிட்டார். பின்னவர் அந்த ஐஸ் கம்பெனியிலேயே கணக்கெழுதுகிறார். சுவரில் எழுதியவரும் அவரே. முதல்நிலைச் சான்றை நேரில் விசாரிப்பது ஆய்வு நெறிக்குப் புறம்பானது என்று அவர் வாக்குமூலம் ஏற்கப்படவில்லை.

களப்பணியில் கிடைத்த ஒரு தரவு மட்டும் எந்த இயலிலும் அடங்கவில்லை. மீன் ஏலம் நடக்கும்போது, கூடைகளுக்கு ஒரு கை தள்ளி, கூறு விழும் வரை நாய்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. உட்காரச் சொன்னவர் யாரும் இல்லை. இதைப் பின்னிணைப்பில் போடலாமா, மறைத்துவிடலாமா என்று கேட்டு நெறியாளருக்குக் கடிதம் போயிருக்கிறது. அவர் கருத்தரங்கில் இருக்கிறார்.