தாய்ப்பாலில் வந்த விருந்தாளி

கேள்வி: என் எருமைக் கன்றுக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. இன்னும் புல்லே கடிக்கவில்லை. அதற்குள் வயிற்றில் புழுவா? (மணப்பாறை வாசகர்)

பதில்: தாய் கொடுத்த சீதனம் அது! டாக்சோகாரா என்னும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாயெருமையின் ஈரலிலும் தசையிலும் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஈற்று நெருங்கினால் விழித்துக்கொண்டு மடிக்குப் போகும். பாலோடு கன்றின் குடலில் குடியேறும். மூன்று, நான்கு வாரத்தில் முட்டையிடும் அளவுக்கு வளர்ந்துவிடும். பெண்புழு ஓரடி நீளம்கூட வளரும். சாணத்தில் விழும் முட்டைகள் தொழுவத்து மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தீவனத்தோடு அவை தாயின் வயிற்றுக்குப் போனால், அடுத்த கன்றுக்கும் சீதனம் தயார்.

கேள்வி: அப்படியானால் சீம்பாலை நிறுத்திவிடலாமா? (ஒரத்தநாடு வாசகி)

பதில்: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவீர்களா, அம்மா? கருவில் இருக்கும்போது கன்றுக்குத் தாயின் நோய் எதிர்ப்பு சேராது, சீம்பாலில்தான் சேரும். அதை உறிஞ்சும் வாசல் பிறந்த 24 மணி நேரத்தில் மூடிவிடும். கன்று 25 கிலோ இருந்தால் முதல் நாளில் இரண்டரை லிட்டராவது குடிக்கட்டும். புழுவுக்கு மருந்து உண்டு, போன சீம்பாலுக்கு ஈடு கிடையாது.

கேள்வி: கன்றின் வயிறு பானைபோல் இருக்கிறது. கொழுத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். (காங்கேயம் வாசகர்)

பதில்: விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு தட்டினால் அது கொழுப்பல்ல. முடி சிலிர்த்து நிற்பதும், மண் தின்பதும், களிமண் நிறத்தில் நாற்றத்தோடு கழிவதும் புழுவின் அடையாளங்கள். பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் முதல் மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அளவைக் கன்றின் எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். ஊற்றும்போது தலையை அண்ணாத்திப் பிடிக்காதீர்கள். மருந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

கேள்வி: புழு மருந்து கொடுத்தும் ரத்தமாகக் கழிகிறது. மருந்து போலியா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: மருந்தின்மேல் பழி வேண்டாம், எதிரியே வேறு. பெரும்பாலும் இது காக்சிடியா என்னும் ஒற்றைச் செல் உயிரியின் வேலை. புழு மருந்து அதைத் தொடாது. தனி மருந்து உண்டு. ஈரத் தரையும் இட நெருக்கடியும் அதற்குக் கொண்டாட்டம். கொஞ்சம் சாணத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு இன்றே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

கன்று பிறந்ததும் நாள்காட்டியில் பத்தாம் நாளை வட்டமிட்டு வையுங்கள்.