பட்டத்துக்கு நாம் தரும் மரியாதை

ஊட்டச்சத்துக் கல்விக்குத் தமிழ்நாடு தருகிற மரியாதையை மனம் திறந்து பாராட்டத்தான் வேண்டும். அதைப் படித்தவர்களின் கையில் சத்துணவுக் கூடத்துப் புகை படியக் கூடாது, காலில் கிராமத்துப் புழுதி ஒட்டக் கூடாது என்று எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்!

இந்தக் கல்விக்கு நம் மண்ணில் நீண்ட மரபு உண்டு. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வு, பெரிய ஆய்வகமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதை வழிநடத்திய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். கோவையில் 1957-இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, ராஜம்மாள் தேவதாஸின் உழைப்பில் வளர்ந்து 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று எத்தனையோ கல்லூரிகள் ஊட்டச்சத்து, உணவுமுறையியல் பட்டம் தருகின்றன. படிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அவர்கள் கற்பது சாதாரண வித்தையா? “நேத்து காலையில எழுந்ததும் என்ன சாப்ட்டீங்க ஆயா? எந்தக் கிண்ணத்துல? எத்தனை கரண்டி?” என்று தொடங்கி, இரவு படுக்கும்வரை வாயில் போட்டதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும். டீயில் போட்ட சர்க்கரை, தொட்டுக்கொண்ட ஊறுகாய், கழனியில் தின்ற ஒரு பிடி மல்லாட்டை (நிலக்கடலை), எதுவும் விடுபடக் கூடாது. அத்தனையையும் கலோரியாக, புரதமாக, இரும்புச்சத்தாகக் கணக்கிட வேண்டும். பிறகு அந்த ஆயாவின் கைக்கு எட்டுவதைக் கொண்டே வழி சொல்ல வேண்டும்: பசும்பாலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கால்சியம் உள்ள கேழ்வரகு, 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் உள்ள மல்லாட்டை. இத்தனையையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதித் தேர்ச்சி பெறுகிறார்கள். அவ்வளவு அருமையான திறமையைச் செஞ்சிப் பக்கத்து ஆயா ஒருவருக்காகச் செலவழித்துவிட முடியுமா? சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் அவருக்கு மாத்திரைச் சீட்டோடு, “சோத்தைக் குறைச்சுக்கோங்க” என்ற ஒரு வரி கிடைக்கிறது. சிக்கனத்தில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 1956-இல் காமராசர் மதிய உணவு தந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. சத்துணவு அமைப்பாளருக்குப் பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றோம். அந்தப் பெண்கள் அடுப்பையும் பதிவேட்டையும் முட்டைக் கணக்கையும் சேர்த்துச் சுமந்து தலைமுறைகளை வளர்த்துவிட்டார்கள்; அவர்களை வணங்குகிறேன். அவர்களுக்குத் துணையாக வட்டத்துக்கு ஓர் உணவியல் வல்லுநரையாவது அமர்த்தலாமே என்ற ஆசைக்கு இடம் கொடுக்காத நம் மனஉறுதியையும் சேர்த்தே வணங்க வேண்டும்.

செஞ்சியை அடுத்த தொண்டூர் போன்ற ஊரில், அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார், உயரம் அளக்கிறார், கைபேசியில் பதிகிறார். எடை குறைந்தால் குறி மஞ்சளுக்கோ சிவப்புக்கோ போகிறது. அந்தச் செய்தி தில்லிவரை எட்டிவிடும். தாய்ப்பால் எப்போது நின்றது, வயிற்றுப்போக்கு எத்தனை நாள், மாலையில் கிடைப்பது பிஸ்கட் மட்டும்தானா என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கக் கற்றவர்தான் அந்த வீட்டுவரை வருவதில்லை. குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு மனையியல், ஊட்டச்சத்து படித்தவர்களும் வரலாம். வந்த அன்றே வட்டாரத்து மையங்கள் அத்தனையின் கோப்புகளையும் மேசையில் அடுக்கி, படித்ததை மறக்க எல்லா வசதியும் செய்து தருகிறோம்.

ராஜகிரி அடிவாரத்தில் செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையிட்ட கோட்டை அது. அந்தக் காலத்தவர் சேர்த்த தானியத்தை அளந்து போட்டுத் தீர்த்துவிடுவார்கள். நாமோ பல்கலைக்கழகங்களில் அறிவைக் குவித்து, ஒரு படி குறையாமல் காக்கிறோம். களஞ்சியத்துக்கு வெளியே, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, 40.4 விழுக்காட்டினருக்கு அளவுக்கு மிஞ்சிய எடை.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், உணவியல் வல்லுநர்களையும் சுகாதாரத் தொழிலர் பட்டியலில் சேர்த்தது. பெயர் கிடைத்துவிட்டது, நாற்காலிதான் பாக்கி. அதுவரை நம் பட்டதாரிகள் எடை குறைப்பு நிலையங்களில் புரதப் பொடி டப்பா விற்கவும், படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைக்குத் தேர்வு எழுதவும் சுதந்திரமாக இருக்கிறார்கள்.

ஆட்சியாளர்களே, துணைவேந்தர்களே, இன்னும் மூன்று காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் உணவியல் வல்லுநருக்கு நிரந்தரப் பணியிடம் கொடுங்கள். ஒரு பருவம் முழுக்க மாணவிகளை அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் பயிற்சிக்கு விடுங்கள். நோயாளியிடம் பேசும் பாடத்துக்காவது தமிழில் தேர்வு வையுங்கள். செய்தால், உங்களை இவ்வளவு நீளமாகப் புகழ வேண்டிய அவசியம் எங்களுக்கு வராது. நன்றி என்ற ஒரு சொல்லே போதும்.