‘மச்சான்’: முறை தவறிய ஒரு சொல்லின் ஆராய்ச்சி

டீக்கடை பெஞ்சில் இருவர். ஒருவர் சொல்கிறார்: ‘மச்சான், ரெண்டு டீ சொல்லு.’

ஆய்வாளருக்கு இங்கேயே தலை சுற்றுகிறது. மச்சான் என்பவர் அக்காவின் கணவராகவோ, மனைவியின் உடன்பிறந்தவராகவோ, மாமன் மகனாகவோ, அத்தை மகனாகவோ இருக்கவேண்டும். டீ சொல்ல எழுந்தவரோ வேற்றூர்க்காரர். பேசியவருக்குத் தங்கை ஒருத்தி உண்டு. ஆனால் அந்தப் பேச்சை பெஞ்சில் எடுத்தால் கிளாஸ் பறக்கும்.

இத்தனை உறவுக்கும் ஒரே சொல் போதுமானதற்குக் காரணம் சிக்கனம். சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீட்டில் மாமன் மகன் அக்காவைக் கட்டுவார். அவர் தங்கையை இவர் கட்டுவார். எல்லா உறவும் ஒரே தலையில் வந்து விழும். சித்தப்பா மகன் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தாலும் மச்சான் ஆகமுடியாது; அவர் அண்ணன் தம்பி.

இந்த ஏற்பாட்டில் மயங்கியவர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர். 1871இல் வெளியான தம் நூலில் தமிழர் உறவுமுறையையும் செனகா பழங்குடியினரின் உறவுமுறையையும் ஒப்பிட்டு, அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு அதையே சான்றாக்கினார். மச்சானை நம்பிக் கடல் தாண்டிய முதல் ஆராய்ச்சி இதுவாகத்தான் இருக்கும்.

சரி, நண்பனை ஏன் ‘அண்ணே’ என்று அழைக்கவில்லை? அண்ணன் என்றால் வயது வந்துவிடுகிறது, பின்னாலேயே அறிவுரையும் வரும். மச்சானிடம் அந்தத் தொல்லை இல்லை. கேலி செய்ய உரிமையுள்ள இத்தகைய ‘கேலி உறவு’ பற்றி மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் கட்டுரை எழுதினார். ஊர்த் திருவிழாவில் முறைக்காரர்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஊற்றவில்லை. திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற அந்த உரிமைக்காகத்தான் நண்பர்கள் முறையைக் கடன் வாங்கினார்கள்.

கடன் வாங்கியதை அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தாயிற்று. சிங்கள இளைஞர்கள் ‘மச்சங்’ என்கிறார்கள், மலேசியாவில் ‘மச்சா’. ஹேண்ட்பால் அணி என்று சொல்லி 2004இல் ஜெர்மனி போய்க் காணாமல் போன இலங்கையரின் கதையை உபெர்த்தோ பசோலினி 2008இல் படமாக்கியபோது, வைத்த தலைப்பு ‘மச்சான்’.

எஞ்சுவது ஒரு சோதனை. வேற்றூர்க்காரர் அந்தத் தங்கையை நிஜமாகவே கட்டிக்கொள்கிறார் என்று கொள்வோம். மறுநாள் அதே பெஞ்சில்: ‘வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. டீ நான் சொல்றேன்.’